ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், புதுநன்மை: மூன்றும் ஏன் ஒன்றாக?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் தம்பிக்கு நிச்சயித்திருக்கும் பெண் இந்து. தானாகவே விரும்பி ஞானஸ்நானம் கேட்கிறார். பங்குத்தந்தையோ, "இப்போதிருந்து தயாரிப்பு தொடங்கட்டும், ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நன்மை மூன்றையும் கொடுக்கலாம்" என்கிறார். மூன்றும் திருச்சபையின் அருளடையாளங்கள்: ஞானஸ்நானம் தண்ணீரால், உறுதிப்பூசுதல் நெற்றியில் தைலத்தால், நன்மை என்பது நற்கருணை; அதை முதன்முதலாக வாங்குவதே புதுநன்மை. வீட்டில் இரண்டு முணுமுணுப்பு. நமக்கெல்லாம் கைக்குழந்தையில் ஞானஸ்நானம், நாலாம் வகுப்பில் புதுநன்மை, பெரிய வகுப்புக்குப் போன பிறகு பிஷப் வந்து உறுதிப்பூசுதல் என்று வருடக்கணக்கில் நடந்தது, வருகிற பெண்ணுக்கு மட்டும் ஒரே இரவில் எல்லாமா என்பது ஒன்று. கல்யாண மண்டபம் பேசியாகிவிட்டது, வருகிற ஞாயிறே தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டால் என்ன என்பது மற்றொன்று.

பங்கில் பல வருடமாக மறைக்கல்வி நடத்துகிறவன், பெரியவர்களைத் தயாரிக்கும் வேலையும் என் தலையில்தான் விழும் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். ஃபாதர் சொல்வது சரி. அவர் சலுகை எதுவும் காட்டவில்லை, கெடுபிடியும் செய்யவில்லை.

முதல் முணுமுணுப்பை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் ஒன்றாகப் பெறுவதுதான் பழைய முறை. ஆதித் திருச்சபையில் தண்ணீரில் இறங்கி ஏறியவர் அப்படியே ஆயரிடம் (பிஷப்பிடம்) போய் எண்ணெய் பூசப்பெற்று, அதே வழிபாட்டில் நற்கருணை வாங்கினார். பிறகு சபை வளர்ந்தது, ஆயர் எல்லா ஊருக்கும் உடனுக்குடன் வர முடியவில்லை. மேற்கே ரோமை முறையைப் பின்பற்றும் லத்தீன் சபை, உறுதிப்பூசுதலை ஆயர்தான் செய்ய வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. அதனால் அது தனியே பிரிந்து, ஆயர் வருகிற நாளுக்குத் தள்ளிப்போனது. குழந்தைகளுக்கு நன்மை கொடுப்பதும் மெல்ல நின்றது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் புத்தி தெளியும் வயதுக்கு வந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது நன்மை வாங்கவேண்டும் என்று சொன்னது. அந்த வயது எது என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருந்ததால், பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயது வரை, சில இடங்களில் அதற்கு மேலும் காத்திருந்தார்கள். 1910-இல் பத்தாம் பயஸ் அதை ஏறத்தாழ ஏழு வயது என்று கீழே இறக்கினார். உறுதிப்பூசுதல் இருந்த இடத்திலேயே இருக்க, புதுநன்மை அதைத் தாண்டி முன்னே வந்துவிட்டது. நாம் இயல்பு என்று நினைக்கும் வரிசை இப்படி உருவானதுதான்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோட்டாறு, 2014-இல் அதிலிருந்து பிரிந்த குழித்துறை, இவை இரண்டும் லத்தீன் மறைமாவட்டங்கள். அதே மண்ணில் மார்த்தாண்டம் மலங்கரை மறைமாவட்டமும், தக்கலை சீரோ மலபார் மறைமாவட்டமும் இருக்கின்றன; இந்த இரண்டும் கத்தோலிக்கத் திருச்சபைக்கு உள்ளேயே இருக்கும் கிழக்கத்திய சபைகளைச் சேர்ந்தவை. மலங்கரைக் கோயிலில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போய்ப் பாருங்கள். அச்சன் தண்ணீர் ஊற்றிய கையோடு, ஆயர் மந்திரித்த தைலத்தைப் பூசி உறுதிப்பூசுதலையும் முடித்துவிடுவார். கிழக்கத்திய சபைகள் அந்தப் பழைய இணைப்பை விடவில்லை. ஒரே பஸ்ஸில் போகிற இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் உறுதிப்பூசுதல் ஆகியிருக்கும், மற்றதற்குப் பதினான்கு வயதிலும் ஆகியிருக்காது. இரண்டும் செல்லும்.

லத்தீன் சபையும் பெரியவர்கள் விஷயத்தில் பழைய முறைக்கே திரும்பிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாடு பற்றிய ஏட்டில் பெரியவர்களுக்கான படிப்படியான தயாரிப்பை மீட்டெடுக்கச் சொன்னது. அதற்கான சடங்குநூல் 1972-இல் வந்தது. 1983-இன் திருச்சபைச் சட்டம் 866-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: பெரிய காரணம் இல்லாவிட்டால், ஞானஸ்நானம் பெறும் பெரியவருக்கு உடனே உறுதிப்பூசுதல் கொடுத்து, அதே திருப்பலியில் நன்மையும் கொடுக்கவேண்டும். 'பிஷப் வராமல் எப்படி உறுதிப்பூசுதல்' என்று உங்கள் அப்பா கேட்பார். ஒரு பெரியவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் குருவுக்கு, அவருக்கு அப்போதே உறுதிப்பூசவும் சட்டமே அதிகாரம் தருகிறது (883-ஆம் பிரிவு). ஆனால் 14 வயது நிறைந்த எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும்முன் விஷயத்தை ஆயரிடம் கொண்டுபோக வேண்டும். அதனால் ஃபாதர் மறைமாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினால், ஏதோ சிக்கல் என்று பதறாதீர்கள். அது வழக்கமான நடைமுறை.

இங்கே ஒரு சின்ன விஷயம். அன்றிரவு அதே கோயிலில் கைக்குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் நடக்கலாம். குழந்தைக்கு ஒன்று மட்டும், பெரியவருக்கு மூன்றும். பக்கத்தில் நிற்கிற பாட்டி கேள்வி கேட்காமல் இருக்கமாட்டார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் ஈஸ்டர்? அன்றிரவு வாசிக்கும் பவுலின் உரோமையர் திருமுகம் ஆறாம் அதிகாரமே பதில். ஞானஸ்நானம் என்பது கிறிஸ்துவோடு சாவில் அடக்கம் செய்யப்பட்டு அவரோடு எழுவது. வருடத்தில் வேறு எந்த இரவும் அதற்கு இவ்வளவு பொருந்தாது. சடங்கின் அமைப்பையும் பாருங்கள். தீ, பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுதிரி, வாசகங்கள், தண்ணீர், நன்மை என்று முழு வழிபாடும் ஞானஸ்நானத் தொட்டியை நோக்கித்தான் நகர்கிறது. ஞானஸ்நானம் பெற ஆளே இல்லாத பங்கில் தண்ணீரை மந்திரித்து, நம்மேல் தெளித்து, நாம் வாக்குறுதியைப் புதுப்பித்துவிட்டு வருகிறோம். ஆள் இருக்கும்போதுதான் அந்த இரவு முழுமையாகிறது. இன்னொன்று, திருவிழிப்பு எனப்படும் இந்த ஈஸ்டர் இரவு வழிபாடு பல நூற்றாண்டுகள் புனித சனி காலையிலேயே, பட்டப்பகலில், ஏறக்குறைய வெறும் கோயிலில் நடந்துகொண்டிருந்தது. 1951-இல் பன்னிரண்டாம் பயஸ்தான் சோதனை முறையில் இரவுக்குக் கொண்டுவந்தார், 1955-இன் புனித வாரச் சீர்திருத்தத்தில் அது நிலையானது.

தயாரிப்பு எத்தனை மாதம் என்பதை மறைமாவட்டமும் பங்கும் முடிவு செய்யும். ஜெப மனப்பாடத்தோடு முடிகிற விஷயம் இல்லை. முதலில் பேச்சும் விசாரிப்பும். அப்புறம் ஒருநாள் கோயில் வாசலில் வைத்து நெற்றியில் சிலுவை வரைந்து முறைப்படி ஏற்றுக்கொள்வார்கள். அந்த நாள் முதல் அவருக்குத் திருச்சபையில் ஓர் இடம் உண்டு; ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்துபோனாலும் கிறிஸ்தவ அடக்கச் சடங்குக்கு உரிமை உண்டு. தவக்காலத்து முதல் ஞாயிறில் பெயர் எழுதும் சடங்கு, பல இடங்களில் அது ஆயர் முன்னிலையில் நடக்கும். மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் அவர்களை முன்னால் மண்டியிடச் சொல்லி சபை முழுவதும் மன்றாடும். அந்த மூன்று ஞாயிறுகளின் நற்செய்தி சமாரியப் பெண், பிறவிக் குருடர், லாசர். தண்ணீர், ஒளி, உயிர் என்று வரிசையாக வரும் இந்த மூன்றும் இவர்களுக்காகவே வைக்கப்பட்டவை. நடுவில் விசுவாசப் பிரமாணத்தையும், கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் முறைப்படி அவர்கள் கையில் ஒப்படைக்கும் சடங்குகளும் உண்டு.

நம்ம பங்குகளில் இதெல்லாம் முழுமையாக நடக்கிறதா என்று கேட்டால், பல இடங்களில் இல்லை. கன்னியர் மடத்துச் சிஸ்டரிடம் சில வாரம் பாடம், ஒரு சின்னத் தேர்வு, அவ்வளவுதான். அப்படி நடந்தாலும் ஞானஸ்நானம் செல்லும். ஆனால் மக்கள் முன்னால் எதுவுமே நடக்காமல் ஒரு பெண் திடீரென்று ஈஸ்டர் இரவில் வெள்ளைச் சேலையில் வந்து நின்றால், அவரைப் பங்குக்கு யார் என்றே தெரியாது. ஃபாதர் இந்தப் படிகளைச் செய்யத் தயாராக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

"அந்தக் காலத்தில் சவேரியார் இப்படியா செய்தார்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதியிருக்கிறார். ஆனால் அதே கடிதத்தைத் தொடர்ந்து படித்தால், ஒவ்வோர் ஊரிலும் ஆட்களைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கட்டளைகள் எல்லாவற்றையும் அவர்கள் மொழியில் சொல்லவைத்து, ஒவ்வொன்றையும் நம்புகிறீர்களா என்று கேட்ட பிறகே கொடுத்தார் என்பது தெரியும். அவசரக் காலத்திலும் கேள்வி பதில் இருந்தது.

தேவசகாயம் பிள்ளையின் கதை உங்கள் வீட்டுக்கு இன்னும் நெருக்கம். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, அரண்மனை உத்தியோகஸ்தர், கல்யாணம் ஆனவர். டச்சுக்காரத் தளபதி டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொல்லி விசுவாசத்தை எடுத்துரைத்தார். திருவிதாங்கூருக்கு வெளியே வடக்கன்குளம் போய், 1745 மே 14-இல் சேசு சபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். அந்த வருட ஈஸ்டர் ஏப்ரல் 18, ஆக அவர் ஞானஸ்நானம் பெற்றதும் ஈஸ்டரைத் தொடர்ந்து வரும் பாஸ்கா காலத்தில்தான். பிறகு மனைவி பார்கவியும் விசுவாசத்துக்கு வந்தார். 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டவரை 2022 மே 15-இல் புனிதர் என்று அறிவித்தார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது. தயாரிப்பில் இருக்கும் பெண்ணை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள். பிறந்தபோதே கத்தோலிக்கராக இல்லாதவர் நம்ம ஊரின் முதல் புனிதர் என்பது அவருக்குத் தெம்பாக இருக்கும்.

திருவிழிப்பு இரவைப் பற்றி. இருட்டிய பிறகுதான் தொடங்கவேண்டும், விடியுமுன் முடியவேண்டும் என்பதே விதி. நம்ம பக்கம் நிறைய பங்குகளில் பதினொன்று, பதினொன்றரைக்குத் தொடங்குவார்கள், நள்ளிரவில் 'உன்னதங்களிலே' என்ற பாட்டு வந்து மணியும் வெடியும் சேர்ந்து முழங்கவேண்டும் என்று. அதற்குத் தோதாக ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களை மூன்றாக வெட்டிவிடுவார்கள். செங்கடல் கடக்கும் வாசகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. என்னைக் கேட்டால், பெரியவர் ஒருவர் தொட்டியருகே காத்திருக்கும் வருடத்தில் ஏழையும் வாசிக்கவேண்டும். வெடி பத்து நிமிடம் தாமதமாக வெடித்தால் இயேசு உயிர்க்காமல் போய்விடமாட்டார்.

மறையுரைக்குப் பிறகு உங்கள் ஆட்களை ஞானப்பெற்றோருடன் முன்னே அழைப்பார்கள். புனிதர்கள் மன்றாட்டுமாலை பாடும்போது பங்கு முழுவதும் நிற்கும். பாஸ்கா திரியைத் தண்ணீரில் இறக்கித் தீர்த்தம் மந்திரிப்பார்கள். அப்புறம் பசாசை விட்டுவிடுகிறாயா, விசுவசிக்கிறாயா என்ற கேள்விகள். இதற்குக் கைக்குழந்தை என்றால் ஞானப்பெற்றோர் பதில் சொல்வார்கள், இங்கே அந்தப் பெண்ணே சத்தமாகச் சொல்லவேண்டும். கூச்சப்படுகிறவராக இருந்தால் வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார்கள். தலை நன்றாக நனையும், ஞானத்தாய் கையில் ஒரு துண்டு இருக்கட்டும். வெள்ளை உடை, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் முடிந்ததும் உச்சந்தலையில் கிறிஸ்மா என்ற தைலம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள், இங்கே அது இருக்காது. ஏனென்றால் அதே கிறிஸ்மாவால் நெற்றியில் உறுதிப்பூசுதல் அடுத்தே வருகிறது. அந்தத் தைலம் அந்த வாரத்திலோ சற்று முன்போ ஆயர் எல்லாக் குருக்களுடனும் நடத்தும் எண்ணெய் மந்திரிப்புத் திருப்பலியில் ஆசீர்வதித்தது. பிஷப் நேரில் இல்லாவிட்டாலும் அவர் மந்திரித்த தைலம் அங்கே இருக்கிறது.

அதன்பின் அவர் முதன்முறையாகப் பொது மன்றாட்டில் சேர்கிறார், காணிக்கை கொண்டுவரலாம், மற்றவர்களுக்கு முன்பாக நன்மை வாங்குகிறார். பலரும் கேட்கும் கேள்வி: அதற்குமுன் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) வேண்டாமா? வேண்டாம். ஞானஸ்நானமே முன்செய்த பாவங்களை எல்லாம் மன்னிக்கிறது. ஞானஸ்நானம் பெறாதவர் பாவசங்கீர்த்தனம் செய்யவும் முடியாது. அத்தை மாமியார் யாராவது பெரிய வியாழனன்று வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெண் இந்து என்பதால் இங்கே கேள்வியில்லை. ஆனால் நம்ம மாவட்டத்தில் சி.எஸ்.ஐ. அல்லது லூத்தரன் சபையிலிருந்து வருகிறவர்கள் அதிகம். அவர்கள் ஞானஸ்நானம் முறையானது, திரும்பக் கொடுக்கவே கூடாது. விசுவாச அறிக்கை, உறுதிப்பூசுதல், நன்மை மட்டும். அதை ஈஸ்டர் வரை தள்ளவும் வேண்டியதில்லை, இவர்கள் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள். இரட்சணிய சேனையில் தண்ணீர் ஞானஸ்நானமே கிடையாது, அங்கிருந்து வருகிறவர் எத்தனை நல்ல கிறிஸ்தவரானாலும் ஞானஸ்நானத்திலிருந்தே தொடங்கவேண்டும். பெந்தெகோஸ்தே சபைகளில் சிலர் இயேசுவின் பெயரால் மட்டும் கொடுக்கிறார்கள், அதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. எந்தச் சபை, என்ன வார்த்தை சொன்னார்கள் என்று ஃபாதர் துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான்.

இனி மண்டபம். நேராகச் சொல்கிறேன்: கல்யாணத் தேதியையும் ஞானஸ்நானத்தையும் முடிச்சுப் போடாதீர்கள். ஞானஸ்நானம் பெறாத பெண்ணைக் கத்தோலிக்கர் கோயிலில் மணக்க முடியும், ஆயரின் விதிவிலக்கு வேண்டும், அவ்வளவே. ஃபாதர் எழுதி வாங்கித் தருவார், கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை வாசிப்பும் நடக்கும். பிறகு வருகிற ஈஸ்டரில் நிதானமாக ஞானஸ்நானம் பெறலாம். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்களாகிவிடும்போது அந்தத் திருமணம் தானே அருளடையாளமாகிறது, மறுபடி தாலி கட்டவேண்டாம். அல்லது ஈஸ்டர் முடிந்து கல்யாணத்தை வைத்துக்கொள்ளுங்கள், தவக்காலத்தில் எப்படியும் நம்ம பக்கம் வைக்கமாட்டார்கள். மண்டபத்துக்காக அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால், ஐந்து வருடம் கழித்து ஏதோ சண்டையில் "கல்யாணத்துக்காகத்தானே மாறினேன்" என்ற ஒரு வார்த்தை வந்து விழும். அந்த மாதிரி வீடுகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஞானப்பெற்றோர் ஒருவர் போதும். இருவர் என்றால் ஒரு ஆண், ஒரு பெண். 16 வயது நிறைந்து, உறுதிப்பூசுதலும் நன்மையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்கவேண்டும், பெற்றோராக இருக்கக்கூடாது. உங்கள் தம்பியே ஞானத்தகப்பனாக நிற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். லத்தீன் சட்டத்தில் இப்போது அதற்குத் தடையில்லை என்றாலும் வேண்டாம் என்பேன். கிழக்கத்திய சபைகளின் சட்டத்திலோ ஞானப்பெற்றோருக்கும் ஞானஸ்நானம் பெற்றவருக்கும் இடையே ஞான உறவு உண்டாகி, கல்யாணமே செல்லாமல் போகும் தடை இன்றும் இருக்கிறது. மலங்கரை, மலபார்க் குடும்பங்களோடு கலந்து வாழ்கிற ஊரில் இந்த விளையாட்டே வேண்டாம். அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில்) ஒரு நல்ல அக்காவைப் பாருங்கள், கல்யாணத்துக்குப் பிறகும் பக்கத்தில் இருக்கக்கூடிய ஒருவர்.

பெயரை மாற்றவேண்டுமா? கட்டாயமில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இல்லாத எந்தப் பெயரும் போதும், நல்ல தமிழ்ப் பெயர் அப்படியே இருக்கலாம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று சேர்த்தாலும் ஆதாரும் பான் கார்டும் தானாக மாறாது.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று உண்டு. பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே அந்தத் தகுதி. கிறிஸ்தவராகிவிட்டால் அது போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வருவார். வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பித்திருப்பவர் இதை அறிந்தே முடிவெடுக்கவேண்டும். அநியாயம்தான், பல பத்தாண்டுகளாகத் திருச்சபை இதை எதிர்த்துப் போராடுகிறது. ஆனாலும் சட்டம் இன்றுவரை அப்படியே இருக்கிறது, மறைத்துவைத்து ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது நேர்மையில்லை.

கடைசியாக ஈஸ்டருக்குப் பிறகான ஐம்பது நாட்கள். புதிதாக வந்தவர்கள் பெற்றதை உள்வாங்கும் காலம் என்று சடங்குநூல் இதைத் தனியே ஒதுக்கியிருக்கிறது. நம்ம பங்குகளில் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். அன்றிரவு கை தட்டுவார்கள், கேக் வெட்டுவார்கள், அடுத்த ஞாயிறு அந்தப் பெண் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் நிற்பார். அந்த ஞாயிறுகளில் உங்கள் அம்மா அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைக்கட்டும். அன்பியக் கூட்டம் நடக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், பாடகர் குழுவில் பாட ஆசையிருந்தால் சேர்த்துவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் பங்கு அலுவலகத்துக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர், பிறந்த தேதி, ஞானப்பெற்றோர் பெயர், உறுதிப்பூசுதல் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் திருமணக் குறிப்பும் அதே பதிவில்தான் வரும். எழுத்துப்பிழையை அன்றே திருத்துவது எளிது, இருபது வருடம் கழித்துத் திருத்த ஆயர் இல்லம் வரை நடக்கவேண்டும்.